எங்களுக்கு ஒரு குறையுமில்லை

மார்ச் மாதக் கடைசிப் பனியில் எங்கள் வண்டி லாரல் கணவாய்த் திருப்பத்தில் வழுக்கி, ஓடைப் பக்கம் சாய்ந்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஹோபர்ட் கண்ணாடி வழியே வெள்ளையாய்க் கிடந்த மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டெல்ஃபி, அடுத்த குளிர்காலத்துல பனி விழுந்தா நான் வண்டியில ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஏறாம?"

"வீட்ல படுத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர் அவர். வாரத்தில் மூன்று நாள் மலையைத் தாண்டி நகரத்துக்குப் போய், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்க வேண்டும். போகாமல் வீட்டில் படுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டியவர் மிரட்டலுக்காகப் பேசுகிற ஆள் இல்லை. கோட்டைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னார்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, தெரியும். நாங்கள் குடியிருக்கிற மலைப்பள்ளத்தில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் சுரங்கத்தின் புண்ணியத்தில் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலமே என் தங்கை மகள் வெனிட்டாவிடம் போய் நின்றேன். வெனிட்டா நர்ஸ், மருந்து எழுதும் உரிமை வாங்கியவள். ஊர் நடுவில் பழைய மரச்சாமான் கடையில் கிளினிக் நடத்துகிறாள். சுரங்கம் மூடி, ஆஸ்பத்திரி மூடி, மருந்துக் கடையும் மூடிய ஊரில் இன்னும் விளக்கெரிகிற கட்டடம் அது ஒன்றுதான். அதன் பின்பக்கக் கூடத்தில் ஆறு டயாலிசிஸ் நாற்காலி போட வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாக ஒரு டாக்டரும் ஒப்புக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய்கூடப் போட்டுவிட்டாள்.

"அப்புறம் என்னடி தடை?" என்றேன்.

"தேவைச் சான்றிதழ் வாங்கணும், பெரியம்மா."

எங்கள் மாநிலத்துச் சட்டம் அப்படி. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கூட்டுவதானாலும், ஸ்கேன் இயந்திரம் வாங்குவதானாலும், டயாலிசிஸ் நாற்காலி போடுவதானாலும், அது மக்களுக்குத் தேவை என்று தலைநகரத்தில் நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே அதே தொழில் செய்கிறவன் "தேவையில்லை" என்று எழுந்து நின்று வழக்காடலாம். எதிர்க்கடைக்காரனிடம் அனுமதி கேட்டுக் கடை திறப்பது வேறெங்காவது உண்டா? முடிவெட்டுகிறவர் ஆறு நாற்காலி போட்டால் எவனும் கேட்பதில்லை.

விண்ணப்பக் கட்டணம் பன்னிரண்டாயிரம் டாலர். சான்றிதழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பதற்கு மட்டும்! கிடைக்காவிட்டால் ஒரு காசு திரும்பி வராது.

"படிக்கறதுக்கா? அவங்களுக்குச் சம்பளம் யார் குடுக்கறா? நாமதானே?"

"என்னைக் கேட்டா? நானா சட்டம் போட்டேன்?" என்றாள் வெனிட்டா. அவளுக்கும் என்னைப் போலவே மூக்குக்கு மேல் கோபம்.

ஊர் சேர்ந்து பணம் திரட்டியது. தீயணைப்புத் தொண்டர்கள் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் குலுக்கல் பரிசாக வைத்துச் சீட்டு விற்றார்கள். பெண்கள் நாங்கள் ஆப்பிள் பணியாரம் பொரித்து ஏலம் விட்டோம். எங்கள் சபையின் பிரசங்கியார் பிரதர் ஆர்லிஸ் சூதாட்டத்தைத் தொடமாட்டார். நூறு டாலரை மேசையில் வைத்துவிட்டு, சீட்டை வாங்காமல், துப்பாக்கியை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரும் ஹோபர்ட்டோடு அதே நகரத்தில், பக்கத்து நாற்காலியில் சாய்கிறவர்தான். மே மாதத்தில் விண்ணப்பம் போயிற்று.

நகரத்தில் டயாலிசிஸ் நடத்தும் பெரிய கம்பெனி உடனே எதிர்ப்புக் கொடுத்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது விசாரணைக்கு முந்தின வாரம் வந்தது. வெனிட்டா ஒரு கட்டுக் காகிதத்தோடு எங்கள் சமையலறைக்குள் புயல் மாதிரி நுழைந்தாள்.

"பெரியப்பா! கோடையில ஒரு பொண்ணு ஃபோன் பண்ணிச்சா உங்களுக்கு?"

ஹோபர்ட் யோசித்தார். "ஆமா. நல்ல பொண்ணு. மரியாதையா பேசிச்சு."

"சிகிச்சைக்குப் போயிட்டு வர்றதுல ஏதாவது கஷ்டம் இருக்கான்னு கேட்டுதா?"

"கேட்டுது."

"என்ன சொன்னீங்க?"

"ஒரு குறையுமில்லம்மா, நல்லா இருக்கோம், உங்க ஊர்ல மழை எப்படின்னு கேட்டேன்."

வெனிட்டா காகிதக் கட்டை மேசைமேல் போட்டாள். அது கம்பெனி வைத்த ஆள் எடுத்த கணக்கெடுப்பு. எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபோனை எடுத்த அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில் சொல்லியிருந்தார்கள். கஷ்டம் ஒன்றுமில்லை.

"நீங்களுமா பெரியப்பா? மார்ச்ல ஓடைக்குள்ள கெடந்தீங்களே!"

"பின்ன? முன்னபின்ன தெரியாத பொண்ணுகிட்ட மூக்கால அழச் சொல்றியா?"

எனக்கு அவர் தலையில் வாணலியைக் கவிழ்க்கலாம் போல் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு கவிழ்ப்பது? என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இந்த மலையில் பிறந்தவனிடம் கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வாயில் வரும். கூரை ஒழுகும்போது கேட்டாலும், ஒழுகுகிற இடத்தில் கிண்ணம் வைத்திருக்கிறோம் என்பான். கேட்கிறவன் வெளியூர்க்காரன் என்றால் காப்பி வேறு கொடுப்பான்.

அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். விசாரணைக்கு வந்து உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த க்ளீட்டஸ், "எனக்கென்ன கேடு? ஓவிதான் பாவம், கண்ணு தெரியல. அவன கூட்டிட்டுப் போ," என்றார். ஓவியிடம் போனால், "எனக்கா? நான் பாட்டுக்குப் பின்சீட்ல உக்காந்து போறேன். க்ளீட்டஸ் ஒத்தக் காலோட ஏறி எறங்கறதுதான் கொடும," என்றார். இந்த இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும் என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்வார். சபை எழுந்து வரிசையாகப் போய்க் கைகொடுக்கும். அதோடு தீர்ந்தது, பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது. அன்று ஒருவர் எழுந்து, நாய் விற்றபோது அதன் வயதை இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னேன் என்று அழுதார். கஷ்டத்தைச் சொல்லச் செத்தாலும் வாய் திறக்காதவர்கள், பொய்யைச் சொல்லிவிட்டு ராத்திரி தூங்கமாட்டார்கள். எனக்குச் சுரீரென்று உறைத்தது.

காரியம் பேசுகிற வேளையில் எங்கள் சபையில் பெண்கள் எழுவதில்லை. நான் எழுந்தேன். ஹோபர்ட் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன்.

"பிரதர் ஆர்லிஸ், எனக்கு ஒரு சந்தேகம். ஃபோன்ல சொன்னா பொய் பொய்யில்லையா?"

"பொய் எங்க சொன்னாலும் பொய்தான், சிஸ்டர்."

"கோடையில ஒரு பொண்ணு உங்கள ஃபோன்ல கூப்பிட்டு, கஷ்டம் ஏதாவது இருக்கான்னு கேட்டுது. என்ன சொன்னீங்க?"

பிரதர் ஆர்லிஸுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. பெஞ்சுகளில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். யார் யாருக்கு அந்த ஃபோன் வந்தது என்று தலையைக் குனிந்ததிலேயே தெரிந்தது.

"கர்த்தர் புண்ணியத்துல ஒரு குறையுமில்லன்னு சொன்னேன்," என்றார் கடைசியில். "போன வாரந்தான் திரும்பி வர்ற வழியில ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன்."

"அப்ப அது?"

"பொய்தான், சிஸ்டர்."

"அத எங்க ஒத்துக்கணும்?"

அவர் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அந்தப் பொய்ய எங்க எழுதி வெச்சிருக்காங்களோ அங்க," என்றார்.

வியாழக்கிழமை சபையின் வேன் நிறைந்து தலைநகரத்துக்குப் புறப்பட்டது. வியாழன் ஹோபர்ட்டுக்கும் ஆர்லிஸுக்கும் டயாலிசிஸ் நாள். கம்பெனியிடம் மறுநாளுக்கு மாற்றித்தரக் கேட்டால், இடமிருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒரு முறை தவறினாலே நெஞ்சில் நீர் கோக்கும். வழியெல்லாம் இரண்டு பேரும் தண்ணீருக்குப் பதில் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு வந்தார்கள். நான் ஹோபர்ட்டின் மூச்சை எண்ணாத குறைதான்.

விசாரணை அதிகாரி வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள். முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. கம்பெனி வக்கீல் சாம்பல் நிறக் கோட்டில் பளபளவென்று இருந்தான். கணக்கெடுப்பைப் பக்கம் பக்கமாக வாசித்தான். "நோயாளிகளே குறையில்லைன்னு சொல்றாங்க. அப்புறம் தேவை எங்கேர்ந்து வந்தது?" என்று வெனிட்டாவைப் பார்த்துச் சிரித்தான்.

ஹோபர்ட்டைக் கூப்பிட்டார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்.

"மிஸ்டர் சைஸ்மோர், கஷ்டம் ஒண்ணுமில்லைன்னு ஃபோன்ல நீங்க சொன்னது உண்மைதானே?" என்றான் வக்கீல்.

"சொன்னேன்."

"நன்றி. நீங்க போகலாம்."

"இருப்பா, முடிக்கல. சொன்னது பொய்."

வக்கீல் பாதி உட்கார்ந்தவன் எழுந்தான். "என்ன சொல்றீங்க?"

"பொய் சொன்னேன். அத ஒத்துக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

"அப்ப பொய் சொன்ன ஆளை இப்ப எப்படி நம்பறது?"

"அன்னைக்குச் சத்தியம் பண்ணல. இன்னைக்குப் பண்ணியிருக்கேன். உங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணா தம்பி?"

எங்கள் பக்கத்து நாற்காலிகளில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. உங்க கஷ்டம் என்னன்னு சொல்லுங்க."

அங்கேதான் சிக்கிக்கொண்டார். பொய்யை ஒத்துக்கொள்ள வந்த மனிதர் உண்மையைச் சொல்லத் தயாராக வரவில்லை. தொப்பியைக் கையில் உருட்டினார். சொல்லேன் மனுஷா, சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"இவதான் வண்டி ஓட்டறா," என்று என் பக்கம் கை காட்டினார். "திரும்பி வரும்போது நான் கண்ண மூடிக்குவேன். தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு இவ அழுவா. கணவாயில ஏறும்போது ஆரம்பிச்சா, எறங்கறதுக்குள்ள மூக்கச் சிந்தி முடிச்சுருவா. நான் முழிச்சிருந்தா அதுவும் முடியாது அவளால. அதனால தூங்கற மாதிரி வருவேன். வருசம் மூணாச்சு."

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறார், கள்ளன். அப்புறம் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், எல்லாரும் பார்க்க அழுதேன். வெட்கமாக இல்லை.

வக்கீல் தொண்டையைச் செருமினான். "இது மனைவியோட சிரமம். நோயாளியோடது இல்ல."

"சட்டம் நோயாளிக்கு என்ன வேணும்னுதான் கேக்குது, மிஸ்டர் சைஸ்மோர்," என்றார் அதிகாரி. குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

ஹோபர்ட் தொப்பியை மேசைமேல் வைத்தார். "எனக்கு வேணும்," என்றார். பல்லைப் பிடுங்கும்போது கத்துவது போல் வந்தது அந்தச் சத்தம். "எங்க ஊர்ல, நடந்து போற தூரத்துல, எனக்கு அந்த நாற்காலி வேணும். சொல்லிட்டேன். எழுதிக்கோம்மா."

அதற்குப்பின் க்ளீட்டஸ் ஊன்றுகோலோடு எழுந்தார். "நானும் பொய்தான் சொன்னேன்." யாரோ கையைப் பிடித்துவிட ஓவி எழுந்தார். "நானும்." பிரதர் ஆர்லிஸ், "நான் பிரசங்கியார். எனக்கு ரெண்டு மடங்கு எழுதுங்க," என்றார். வக்கீல் ஆட்சேபணை, ஆட்சேபணை என்று கத்தினான். "ஒத்துக்க வந்தவங்கள உக்காரச் சொல்றதுக்கு நீ யாருடா?" என்று நான் திருப்பிக் கத்தினேன். அதிகாரி அம்மாள் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், ஆனால் வெளியே அனுப்பவில்லை. ஒருவர் விடாமல் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஹோபர்ட் திரும்பி வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அரசாங்க அலுவலகம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு வீடு வந்தோம். வேனில் பாட்டு வேறு.

நவம்பர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. வெனிட்டா எங்கள் சமையலறையில் நின்றபடி வாசித்தாள். நோயாளிகள் சொன்ன சாட்சியம் நம்பத்தகுந்தது என்று முதல் பக்கத்தில் இருந்தது. போக்குவரத்துச் சிரமம் மெய்ப்பிக்கப்பட்டது என்று இரண்டாம் பக்கத்தில். மூன்றாம் பக்கத்தில், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆறு நாற்காலிக்கு அந்தக் கவுண்டியிலேயே குடியிருக்கும் நோயாளிகள் முப்பத்தாறு பேராவது வேண்டும் என்பது விதி. முடிவெடுத்த தேதியில் முப்பத்தைந்து பேர்தான் இருந்தார்கள்.

"விண்ணப்பம் போட்டப்ப முப்பத்தெட்டு பேர் இருந்தோமே!" என்றேன்.

அவர்கள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு படித்து முடிப்பதற்குள் நாங்கள் மூன்று பேரை அடக்கம் செய்திருந்தோம். ஓவியைப் புதைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவரைக் கூட்டிப்போகும் மருமகனின் வண்டி பழுதாகி இரண்டு முறை போகாமல் விட்டதில் போய்ச் சேர்ந்தார். தூரத்தினால் செத்தவர்களைக் கழித்துவிட்டு, ஆள் போதாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மேசையை, அந்த மைக்கூட்டை, அந்த விதியை எழுதினவனை நான் சபித்த சாபத்தை இங்கே எழுத முடியாது.

"மறுபடி போடலாம்," என்றாள் வெனிட்டா. "திரும்பவும் பன்னிரண்டாயிரம் கட்டணும். கிறிஸ்மஸுக்கு அப்புறம் ரெண்டு பேருக்குப் புதுசா ஆரம்பிக்கறாங்க, பாவம். முப்பத்தேழு ஆகும். ஆனா..."

ஹோபர்ட் கடிதத்தை வாங்கி மெதுவாக மூன்று பக்கமும் படித்தார். மடித்துக் கொடுத்தார். எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது, இவர் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப்பின் வானம் மூடும்போதெல்லாம் எனக்கு உயிர் நின்று வந்தது.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி விழாவுக்கு முந்தின சனிக்கிழமை, விடிவதற்கு முன் விழித்தேன். ஜன்னலில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. பனி. முற்றம், வேலி, வண்டி எல்லாம் மூடிக் கிடந்தன. பக்கத்தில் படுக்கை காலி.

எழுந்து ஓடினேன். சமையலறையில் விளக்கெரிந்தது. ஹோபர்ட் பூட்ஸும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேசையருகே நின்றிருந்தார். வண்டிச் சாவி மேசையில் கிடந்தது. காதில் ஃபோன்.

"யோவ்," என்றேன். "பனி பெய்யுது."

"எனக்குக் கண்ணு தெரியும்."

"அப்ப... படுத்துக்கலியா?"

"நான் படுத்துட்டா அந்த முப்பத்தேழு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டியா? முப்பத்தாறு. க்ளீட்டஸ் ஒரு நாள் சோம்பல் பட்டா முப்பத்தஞ்சு. அப்புறம் அந்தச் சாம்பல் கோட்டுக்காரன் சிரிப்பான். நான் செத்து அவன் ஜெயிக்கணுமா? பதினாலு தடவ பணம் கட்டினாலும் கட்டுவோம். அந்த நாற்காலியில உக்காராம நான் எங்கயும் போறதா இல்ல. நீ போய்க் காலுறை போடு, வண்டிய எடுக்கணும்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை ஆட்டி என்னை அமர்த்தினார். மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஆர்லிஸ்? எந்திரிச்சியா? ஆமா, பனிதான். அதனால என்ன? வழியில வந்து உன்ன ஏத்திக்கறோம். பிரசங்கியார்னு பார்க்க மாட்டேன், கேட்டுக்கோ. நீ மட்டும் செத்தேன்னா உன்னக் கொன்னுடுவேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்து க்ளீட்டஸின் எண்ணை அழுத்தினார்.